உலர் பிளம்

உலர் பிளம் என்பது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய பிளம் மரத்தின் பழத்தை உலர்த்திப் பெறப்படும் உணவுப் பொருள் ஆகும். இம்மரத்தின் அறிவியற் பெயர் புரூனஸ் டொமெஸ்டிக்கா. உலர்ந்த பழத்தை ஆங்கிலத்தில் புரூன் என அழைப்பர். இது சுருங்கிய கருநிறத் தோலும் மென்மையான இனிப்புச் சதையும் கொண்டது. மலச்சிக்கலைப் போக்கும் உணவாக நெடுங்காலமாக அறியப்பட்ட இதன் பண்பை மருத்துவ ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. எலும்பு நலத்துக்கு இதனால் விளையும் பயன் குறித்தும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

பெயரும் வகைகளும்

எல்லா பிளம் பழங்களும் உலர்த்துவதற்கு ஏற்றவை அல்ல. சர்க்கரை மிகுந்த சில வகைகளை மட்டுமே, கொட்டையுடன் உலர்த்தினாலும் புளித்துப் போகாமல் பதப்படுத்த இயலும். இவற்றுள் பிரான்சின் அழான் வகை புகழ் பெற்றது. லூயி பெல்லியே என்ற பிரெஞ்சுக்காரர் 1856-இல் இவ்வகையைக் கலிபோர்னியாவின் சான் ஹொசேயில் அறிமுகப்படுத்தினார். பின்னர் கலிபோர்னியா உலகின் முதன்மை உற்பத்தி இடங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஏறத்தாழ 3 கிலோகிராம் பழத்திலிருந்து 1 கிலோகிராம் உலர் பழம் கிடைக்கும்.

புரூன் என்ற பெயர் முதியோரின் மலச்சிக்கலையே நினைவூட்டியதால், 2000-களின் தொடக்கத்தில் கலிபோர்னிய உற்பத்தியாளர்கள் "உலர் பிளம்" என்ற பெயரில் விற்க அரசின் அனுமதி பெற்றனர். பிற்காலத்தில் அவர்களது வாரியம் பழைய பெயருக்கே திரும்பியது.

தமிழகத்தில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் ஆல்பகோடாவும் உலர்ந்த பிளம் வகையே. புகாரா நகரத்து பிளம் எனப் பொருள்படும் பாரசீகப் பெயரின் திரிபே இச்சொல்.

ஊட்டப் பொருள்கள்

100 கிராம் உலர் பிளம்மில் உள்ள அளவுகள் (தோராயமாக):

- ஆற்றல்: 240 கலோரி
- மாவுச்சத்து (சர்க்கரை உட்பட): 64 கிராம்
- சர்க்கரை: 38 கிராம்
- நார்ச்சத்து: 7 கிராம்
- சார்பிட்டால்: 15 கிராம்
- பொட்டாசியம்: 730 மில்லிகிராம்
- உயிர்ச்சத்து கே: 60 மைக்ரோகிராம்

மலச்சிக்கலும் உலர் பிளம்மும்

மலமிளக்கும் பண்புக்கு நார்ச்சத்து மட்டும் காரணம் அன்று. சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்ககாலைச் சிறுகுடல் முழுமையாக உறிஞ்சுவதில்லை. எஞ்சும் சார்பிட்டால் குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குகிறது. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்வதால் வாயுவும் உண்டாகிறது. வடிகட்டிய உலர் பிளம் சாற்றில் நார்ச்சத்து குறைவு. எனினும் சார்பிட்டால் எஞ்சியிருப்பதால் சாறும் மலத்தை இளக்குகிறது.

நாட்பட்ட மலச்சிக்கல் உள்ள 40 பேரிடம் அயோவா பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. ஒவ்வொருவரும் மூன்று வாரம் நாள்தோறும் 100 கிராம் உலர் பிளம்மையும், மூன்று வாரம் இசப்கோலையும் உண்டனர். இரண்டிலும் கிடைத்த நார்ச்சத்து சம அளவே, அதாவது நாளொன்றுக்கு 6 கிராம். எனினும் உலர் பிளம் உண்ட காலத்திலேயே முழுமையாக மலம் கழிந்த தடவைகள் கூடுதலாக இருந்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவு

உலர் பிளம் குடல் இயக்கத்துக்கு உதவுகிறது என்னும் கூற்றுக்குப் போதிய சான்று இல்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் தெரிவித்தது. இதை ஏற்காத ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் கிரகாம் வாட்சன், ஒன்றியத்தின் நல்வாழ்வு ஆணையர் ஜான் டாலியை உலர் பிளம் உண்ணும் போட்டிக்கே அழைத்தார். மேலும் சான்றுகள் அளிக்கப்பட்டபின், 2012-இல் ஆணையம் அக்கூற்றை ஏற்றது. 2013-இல் அதற்குச் சட்ட அனுமதி கிடைத்தது. நாள்தோறும் 100 கிராம், அதாவது ஏறத்தாழ 10 முதல் 12 பழங்கள், உண்டாலே இப்பயன் கிட்டும் என்பதை நுகர்வோருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனையாகும்.

எலும்பு நலம்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைவது இயல்பு. இத்தகைய 235 பெண்களிடம் ஐக்கிய அமெரிக்காவில் ஓராண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. உலர் பிளம் உண்ணாதவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி குறைந்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டவர்களிடம் அது குறையாமல் காக்கப்பட்டது. 100 கிராம் உண்ண வேண்டிய குழுவிலிருந்து பலர் இடையிலேயே விலகினர். கலிபோர்னிய உற்பத்தியாளர் வாரியம் இவ்வாய்வுக்கு நிதி அளித்தது என்பதும் கருதத்தக்கது. அடர்த்தி காக்கப்பட்டதைக் கொண்டு எலும்பு முறிவுகளும் குறையும் என முடிவு செய்ய இயலாது. எலும்புப்புரை நோய்க்கு மருத்துவர் அளிக்கும் மருந்துகளுக்கு உலர் பிளம் மாற்று ஆகாது.

கவனிக்க வேண்டியவை

- வழக்கம் இல்லாதவர்கள் ஒரே வேளையில் மிகுதியாக உண்டால் வயிற்று உப்புசம், வாயு, வயிற்றுப்போக்கு ஆகியன ஏற்படலாம். சில பழங்களில் தொடங்கி, போதிய நீருடன் மெல்ல அளவைக் கூட்டுவது நல்லது.
- எரிச்சல் கொண்ட குடல் நோய்த்தொகை உள்ளவர்களுக்குச் சார்பிட்டால் தொல்லை தரக்கூடும்.
- சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவர்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே உண்ண வேண்டும்.
- இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோர், உயிர்ச்சத்து கே உள்ள இவ்வுணவின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.
- இதன் சர்க்கரை இரத்தத்தில் மெதுவாகவே கலக்கிறது. எனினும் மொத்த மாவுச்சத்து மிகுதி என்பதால் நீரிழிவு நோயாளிகள் அளவறிந்து உண்ண வேண்டும்.
- மலத்தில் இரத்தம், காரணமற்ற எடை இழப்பு, திடீரெனத் தோன்றி நீடிக்கும் மலச்சிக்கல் ஆகியன வேறு நோய்களின் அறிகுறிகளாக இருக்கலாம். இந்நிலையில் உணவால் சரிசெய்ய முயன்று காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.