ஓர் அணி இரண்டான கதை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்களை ஆண்டுதோறும் தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு. பள்ளி முடிக்கும் பையன்களில் யாரை முதலில் பிடித்துப் போடுவது? பந்தோடு முன்னேறும் அஃபென்ஸுக்கா, மறித்து வீழ்த்தும் டிஃபென்ஸுக்கா? இந்தக் கேள்வி பிறந்து இன்னும் நூறு வருடம் ஆகவில்லை. அதற்கு முன்பு களத்தில் இறங்கிய 11 பேரே தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். வெளியே போனவன் நினைத்த நேரத்தில் திரும்பி வர விதி இடம் கொடுக்காது. ஆகவே 60 நிமிடமும் தாக்குப்பிடிக்கிற உடம்பு இருக்கிறதா என்றுதான் பையன்களை எடைபோட்டார்கள்.

1941இல் விதி தளர்ந்தது. எப்போது வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்றானது. அந்தச் சலுகைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை மிஷிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் கிரிஸ்லர்தான் ஊருக்குக் காட்டினார். 1945 அக்டோபர் 13, நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியம். எதிரே ராணுவ அகாடமியின் ஆர்மி அணி; அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம். டாக் பிளான்சர்ட், கிளென் டேவிஸ் என்று அதில் இரண்டு சூரர்கள். கிரிஸ்லர் கையில் இருந்தவர்களோ பெரும்பாலும் 17, 18 வயதுப் பிள்ளைகள். அவர்களை முழு ஆட்டமும் நிற்கவைத்தால் நொறுங்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பந்து கைமாறும்போதெல்லாம் ஒரு கூட்டத்தை வெளியே இழுத்து, ஓய்வெடுத்த இன்னொரு கூட்டத்தை உள்ளே அனுப்பினார். தடுக்கிறவன் தடுப்பான், தாக்குகிறவன் தாக்குவான். மிஷிகன் 28–7 என்று தோற்றது. ஆனால் அதே ஆர்மி அடுத்த மாதம் நோட்ரே டேம் அணியை 48–0 என்று துவைத்தெடுத்ததை வைத்துப் பார்த்தால், அந்தச் சிறுவர்கள் ஈடுகொடுத்த விதம் புரியும். ஆர்மியின் பயிற்சியாளர் ரெட் பிளைக் அந்த முறையைத் தன் அணிக்கே எடுத்துக்கொண்டார். படைப்பிரிவைக் குறிக்கும் 'பிளட்டூன்' என்ற சொல் அதற்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

இரண்டு அணி என்றால் இரண்டு மடங்கு ஆள், இரண்டு மடங்கு செலவு. சிறிய கல்லூரிகள் திணறின. 1953இல் அந்தக் கதவைச் சாத்தினார்கள். மீண்டும் எல்லாரும் இரு பக்கமும் ஆடவேண்டி வந்தது.

சாத்திய கதவின் இடுக்கில் புகுந்தவர் லூசியானா ஸ்டேட் பயிற்சியாளர் பால் டீட்ஸல். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1958இல் அவர் தன் ஆட்களை மூன்றாகப் பிரித்தார். முதல் அணி இரு பக்கமும் ஆடும். இரண்டாவது, பெரும்பாலும் தாக்கும். திறமையில் பின்தங்கிய மூன்றாம் வரிசைக்குத் தடுப்பை மட்டும் சொல்லிக்கொடுத்து, ஒரு சித்திரக்கதையில் வரும் கொள்ளையர்களின் பெயரைச் சூட்டினார்: சைனீஸ் பேண்டிட்ஸ். முதல் அணி மூச்சுவாங்கும் நேரத்தில் இவர்கள் வெறியோடு பாய்வார்கள். பார்வையாளர்கள் இவர்களுக்காகவே ஆர்ப்பரித்தார்கள். அந்த ஆண்டு லூசியானா ஸ்டேட் தேசியச் சாம்பியன். பெரிய திறமை இல்லாத பையனையும் ஒரே வேலையில் கூர்தீட்டினால் சாம்பியன் அணியில் இடம் உண்டு என்பதை அவர்கள் ஆடிக் காட்டினார்கள்.

1960களின் நடுவில் தடை முழுவதும் விலகியது. இந்தக் கல்லூரிக்கே வருகிறேன் என்று பையன்கள் கையெழுத்திடும் தேசிய ஒப்பந்தமும் 1964இல்தான் வந்தது. பணக்காரப் பல்கலைக்கழகங்கள் ஆட்களை வாரிக் குவித்தன. குவிக்க முடிகிறவரை யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வி அவர்களை உறுத்தவில்லை. 1973இல் உதவித்தொகைக்கு 105 பேர் என்று வரம்பு வந்தது, பிறகு 95, 1994 முதல் 85. இடம் குறையக் குறையத்தான் கேள்வி கூர்மையானது. ஒரு பக்கம் கூடுதலாக ஒருவனை எடுத்தால் மறுபக்கம் ஒரு இடம் போகிறது.

தேர்ந்த பயிற்சியாளர்கள் இதற்கு நேராக விடை சொல்வதில்லை. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கை முதலில் உறுதிசெய்கிறார்கள். பேருடம்போடு வேகமும் உள்ள தடுப்பு வரிசைப் பையன் அபூர்வம் என்பதால் அவனையும் விடுவதில்லை. மற்றவர்களில் உடம்பையும் வேகத்தையும் பார்த்து எடுத்துவிட்டுப் பக்கத்தைப் பிறகு முடிவுசெய்கிறார்கள். ரிச்சர்ட் ஷெர்மன் ஸ்டான்ஃபோர்டில் பந்தைப் பிடிக்கும் ரிசீவராகத்தான் தொடங்கினார். தடுக்கும் பக்கத்தில் கார்னர்பேக்காக மாறிப் பெயர் பெற்றார். ஜே.ஜே. வாட் சென்ட்ரல் மிஷிகனில் தாக்கும் பக்கத்தின் டைட் எண்ட். உதவித்தொகையே இல்லாமல் விஸ்கான்சினுக்குப் போய்த் தடுப்பு வரிசையில் நின்றார். இந்த இருவரின் எதிர்காலத்தையும் கல்லூரியில் அவர்கள் தொடங்கிய பக்கத்தை வைத்துக் கணித்திருக்க முடியாது. அதனால்தான், பையன் எந்தப் பக்கம் ஆடுகிறான் என்பதைவிட எந்தப் பக்கம் ஆடக்கூடும் என்று பார்க்கிற கண்ணே பெரிது என்று நினைக்கிறேன்.

2025இல் அந்த 85 என்ற வரம்பும் போய்விட்டது. அணிக்கு 105 பேர் என்ற புது வரம்பு வந்திருக்கிறது. கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி திறந்திருக்கிறது. எந்தப் பக்கத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போட்டவர்கள், இப்போது எந்தப் பக்கத்துக்கு எத்தனை டாலர் என்று கணக்குப் போடுகிறார்கள்.