எட்டு வருஷத்து விருந்தாளி

புது ஊரில் முதல் ராத்திரி இருக்கிறதே, அதைப்போல நீளமான ராத்திரி எதுவும் கிடையாது. பெட்டியைத் திறக்க மனசு வராது. சுவரில் யாரோ அடித்துவிட்டுப் போன ஆணி தெரியும். தெருவில் பேசுகிறவர்களின் குரல்கூட வேறு மாதிரி கேட்கும். 'இந்த ஊர்ல நமக்குன்னு யார் இருக்கா?' என்ற கேள்வி தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

பல வருஷங்களுக்கு முன்னால் வேலைக்காகத் திண்டுக்கல்லுக்கு வந்தபோது எனக்கும் அப்படி ஒரு ராத்திரி இருந்தது. கோடைக்காலம். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கதவைத் தட்டினார் பக்கத்து வீட்டு அம்மா. இடுப்பில் ஒரு குடம். "புதுசா வந்திருக்கீங்களே, தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க? இத வெச்சுக்குங்க தம்பி" என்று இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். பேர் கேட்கவில்லை. என்ன ஆளுங்க என்று விசாரிக்கவில்லை. திண்டுக்கல்காரர்கள் கோடையில் ஒரு குடம் தண்ணீர் தருகிறார்கள் என்றால், அது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் குடத்தோடு அந்த ஊர் எனக்குச் சொந்த ஊராகிவிட்டது.

பிற்பாடு மலைக்கோட்டையில் ஏறி மேற்கே பார்த்தபோதெல்லாம் இன்னொருவர் ஞாபகம் வரும். இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் இதே சீமைக்கு வந்த ஒரு பெண். அவர் வந்தது வேலை தேடி அல்ல. புருஷனையும், நாட்டையும், வீட்டையும் ஒரே மாதத்தில் பறிகொடுத்துவிட்டு, சின்னப் பெண் குழந்தையோடு வந்தார்.

வேலு நாச்சியார்.

*

1772-ஆம் வருஷம் ஜூன் மாதம். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கப்பம் வேண்டும். அதை வசூலித்துக் கொடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் வேண்டும். இரண்டும் கை கோத்துக்கொண்டு முதலில் ராமநாதபுரத்தின் மேல் பாய்ந்தன. கோட்டை விழுந்தது. சிறுவனான சேதுபதியும் அவருடைய தாயாரும் கைதாகித் திருச்சிக் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அடுத்தது சிவகங்கை. ஒரு பக்கம் ஜோசப் ஸ்மித், இன்னொரு பக்கம் பான்ஜோர். நடுவில் காளையார்கோயில். ஜூன் 25-ஆம் தேதி நடந்த சண்டையில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். சீமை நவாபின் கைக்குப் போனது. சிவகங்கையின் பேரையே 'உசேன் நகர்' என்று மாற்றிவிட்டார்கள்!

புருஷன் போய்விட்டால் ஒரு பெண் எங்கே போவாள்? பிறந்த வீட்டுக்குப் போவாள். ஆனால் வேலு நாச்சியாரின் பிறந்த வீடு எது தெரியுமா? ராமநாதபுரம் அரண்மனை! செல்லமுத்து சேதுபதியின் மகள் அவர். 1730-ல் பிறந்தவர். புகுந்த வீடும் பிறந்த வீடும் சில வார இடைவெளியில் எதிரியின் கைக்குப் போய்விட்டன. திரும்பிப் பார்த்தால் போக ஒரு வாசல் இல்லை.

அந்தத் தப்பித்தலைப் பற்றி கொல்லங்குடிப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். ராணி எந்த வழியாகப் போனார் என்று நவாபின் ஆட்கள் உடையாள் என்ற பெண்ணை மடக்கிக் கேட்டார்களாம். தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. வெட்டிப் போட்டுவிட்டார்கள். பிற்பாடு நாச்சியார் தன் வைரத்தாலியை அவளுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார் என்றும், வெட்டுடையார் காளி கோயிலே அவள் நினைவுதான் என்றும் சொல்கிறார்கள். இதற்குக் காகித ஆதாரம் கேட்டால் கிடைக்காது. சனங்களின் ஞாபகம்தான் ஆதாரம். அந்த ஞாபகம் சொல்வது இதுதான்: தப்பித்து வந்த ராணிக்கு வழியில் கிடைத்த முதல் சிநேகிதி, முகம் தெரியாத ஒரு பெண்.

*

சரி, ஏன் விருப்பாச்சி? எத்தனையோ ஊர் இருக்க, சிவகங்கையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அந்த மலையடிவாரத்துக்கு ஏன் போக வேண்டும்?

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழநிக்குப் போகும் சாலையில் இருக்கிறது விருப்பாச்சி. மலைவாழை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பேர் உடனே இனிக்கும். அன்றைக்கு அது ஒரு பாளையம். அதன் பாளையக்காரர் கோபால நாயக்கர். பின்னால் மலை, முன்னால் சமவெளி. ஒளியவும் முடியும், ஓடவும் முடியும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. திண்டுக்கல் சீமை அப்போது மைசூர்க்காரர்கள் கையில் இருந்தது. 1755-ல் ஹைதர் அலி இங்கே ஃபௌஜ்தாராக, அதாவது படைத்தளபதியும் நிர்வாகியுமாக வந்தவர். அவர் பெரிய ஆளாக வளர்ந்ததற்கு அடித்தளம் போட்டதே இந்தப் பாறைக் கோட்டைதான். ஆகவே நவாபின் அதிகாரமும் கம்பெனியின் அதிகாரமும் திண்டுக்கல் எல்லையோடு நின்றுவிடும். துரத்தி வருகிறவன் கால் வைக்கத் தயங்குகிற மண் எதுவோ, அதுதானே அகதிக்குப் பாதுகாப்பான மண்!

இதை யோசித்து வழி சொல்ல ஒரு பெரியவர் கூடவே இருந்தார். பிரதானி தாண்டவராய பிள்ளை. அனுபவசாலி, கிழவர். காவலுக்கு மருது சகோதரர்கள். இப்படி ஒரு சின்னக் கூட்டம் விருப்பாச்சி வாசலில் வந்து நின்றது.

கோபால நாயக்கரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் ஹைதருக்கு அடங்கி நடக்க வேண்டிய பாளையக்காரர். வந்திருப்பதோ நவாபும் கம்பெனியும் தேடுகிற ராணி. இவர் தெலுங்கு பேசும் நாயக்கர், அவர் தமிழ் பேசும் மறவர் சீமை ராணி. ரத்த சம்பந்தம் கிடையாது. பணம் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 'நமக்கு எதுக்கு வம்பு?' என்று கதவைச் சாத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் கதவைத் திறந்தார்.

*

1772 டிசம்பர் 8-ஆம் தேதி. காளையார்கோயில் விழுந்து ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ராணியின் சார்பில் அவர் கேட்டது 5,000 குதிரைப்படை, 5,000 காலாட்படை.

எப்படிப்பட்ட நேரம் பாருங்கள். மராட்டியப் பேஷ்வா மாதவராவ் இறந்தது அதே வருஷம் நவம்பர் 18-ஆம் தேதி. அவரிடம் ஹைதர் பலத்த அடி வாங்கியிருந்தார். அந்த இறப்புக்குச் சரியாக இருபது நாள் கழித்துத்தான் பிள்ளையின் கடிதம். தற்செயலா, கணக்கா, தெரியாது. ஆனால் ஹைதருக்கு அப்போது முதல் வேலை, மராட்டியர்களிடம் விட்ட இடங்களைத் திரும்பப் பிடிப்பது. சிவகங்கை அப்புறம்தான்.

கடிதம் எழுதிய பெரியவர் பலனைப் பார்க்கவில்லை. மறு வருஷமே, 1773-ல், காலமாகிவிட்டார். புது ஊர், அரைகுறைப் பழக்கம், இப்போது வழிகாட்டியும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் 'விதி' என்று உட்கார்ந்திருப்பார்கள்.

நாச்சியார் நேரே கிளம்பி ஹைதரைப் பார்க்கத் திண்டுக்கல் கோட்டைக்குப் போனார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அங்கே அவர் உருதுவில் பேசினாராம். ஹைதர் அசந்துபோனாராம்! நாச்சியாருக்குப் பல மொழிகள் தெரியும் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். புது ஊரில் சிநேகம் பிடிக்க அதைவிடப் பெரிய சாவி உண்டா? பூட்டுக்குப் பேர்போன ஊரில் அந்தச் சாவி வேலை செய்தது!

இன்னொரு சங்கதியும் இருவருக்கும் பொதுவாக இருந்தது. காளையார்கோயிலை அடித்த அதே ஜோசப் ஸ்மித்தான், 1767-ல் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதரை எதிர்த்துச் சண்டை போட்டவர். ஒரே கல்லில் இடறி விழுந்த இரண்டு பேர் சந்தித்தால் பேச விஷயத்துக்கா பஞ்சம்?

*

ஆனாலும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, 8 வருஷம்.

சரித்திரப் புத்தகங்கள் இந்த எட்டு வருஷத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். 'விருப்பாச்சியில் தங்கியிருந்தார்' என்று முடித்துவிடும். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. மூன்று நாள் விருந்தாளியை யாரும் தாங்குவார்கள். எட்டு வருஷத்து விருந்தாளியை? சின்னப் பெண்ணாக வந்த மகள் வெள்ளச்சி அங்கேயே வளர்ந்தாள். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று பாதி மூட்டை கட்டியபடியே வாழ்கிற வாழ்க்கை. அடுத்த வீட்டுச் சோறு எவ்வளவு அன்பாகப் போட்டாலும், அது அடுத்த வீட்டுச் சோறுதானே?

ஆனால் அந்தக் காலம் வீணாகவில்லை. மருது சகோதரர்கள் சிவகங்கைச் சீமைக்குள் தொடர்பை விடாமல் வைத்திருந்தார்கள். ஆட்கள் சேர்ந்தார்கள்.

1780-ல் காற்று திசை மாறியது. கம்பெனியோடு இரண்டாவது மைசூர்ப் போர் மூண்டது. ஜூலையில் ஹைதர் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் தேதி பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. நவாபுக்கு எங்கே ஓடுவது என்று தெரியாத அந்த வருஷத்தில்தான் ஹைதரின் உதவியோடு நாச்சியார் சிவகங்கைக்குத் திரும்பினார். 'உசேன் நகர்' மறுபடி சிவகங்கை ஆனது. உடம்பில் தீ வைத்துக்கொண்டு எதிரியின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்த குயிலியின் கதையை இந்த மீட்போடு சேர்த்துத்தான் சனங்கள் சொல்கிறார்கள். கம்பெனியின் ஏடுகளில் குயிலி இல்லை. உடையாளும் இல்லை. ஆனால் சிவகங்கையில் இரண்டு பேருடைய பேரும் தெரியாத குழந்தை கிடையாது.

ஹைதர் உதவியது வெறும் நட்புக்காகவா? இல்லை. நவாபுக்குப் பக்கத்திலேயே ஒரு எதிரி இருந்தால் அவருக்கு லாபம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லாபம் பார்க்கிறவர்கள் எல்லோரும் எட்டு வருஷம் ஒருவரை எதிரியிடம் காட்டிக்கொடுக்காமல் இருப்பார்களா? ஒரு சமாதானப் பேச்சில் பேரம் பேச நாச்சியார் நல்ல துருப்புச்சீட்டு. ஹைதரும் அதைச் செய்யவில்லை, நாயக்கரும் செய்யவில்லை.

*

கதை இங்கே முடிந்துவிடவில்லை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. துரத்துகிறவன் கால் வைக்கத் தயங்கிய மண் அவனுடைய மண்ணாகவே ஆகிவிட்டது. நாச்சியார் 1796-ல் காலமானார்.

ஆனால் அந்த எட்டு வருஷத்துப் பழக்கம் சாகவில்லை. 1800-ல் தென்னாட்டுப் பாளையக்காரர்கள் கம்பெனிக்கு எதிராக ஒன்று கூடியபோது, திண்டுக்கல் அணிக்குத் தலைமை தாங்கியவர் யார்? கோபால நாயக்கர். சிவகங்கையில் நின்றவர்கள் யார்? மருது சகோதரர்கள். வடக்கே துந்தாஜி வாக் வரைக்கும் கை கோத்த கூட்டணி அது. அந்த வருஷம் ஜூனில் கோயம்புத்தூரில் கம்பெனிப் படையைத் தாக்கினார்கள். தோற்றாலும் அடங்கவில்லை. 1801 ஜூனில் சின்ன மருது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய அறிக்கை, சாதி மதம் பார்க்காமல் எல்லோரையும் எழச் சொன்னது. ஒரு மறவர் சீமை ராணிக்கு நாயக்கர் வீட்டிலும் நவாப்களை எதிர்த்த முஸ்லிம் ஆட்சியாளரிடமும் இடம் கிடைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த மருதுகள். அந்த வார்த்தைகள் காகிதத்திலிருந்து மட்டும் வந்திருக்க முடியாது.

முடிவு உங்களுக்குத் தெரியும். 1801-ல் கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருதுகள். அடைக்கலம் கொடுத்தவரும் அடைக்கலம் வாங்கியவர்களும் ஒரே வருஷத்தில், ஒரே எதிரியிடம், ஒரே மாதிரி கயிற்றில்.

வேலு நாச்சியாருக்கு 2008 டிசம்பர் 31-ல் தபால்தலை வந்தது. விருப்பாச்சியில் கோபால நாயக்கருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ராணியைத் தெரிந்த அளவுக்கு நாயக்கரைத் தெரியுமா என்று நூறு பேரைக் கேட்டுப் பாருங்கள். சண்டை போட்டவர்களைத் தெரிந்துவைத்திருக்கும் நாம், கதவைத் திறந்தவர்களை மறந்துவிடுகிறோம்.

திண்டு மாதிரி கிடக்கும் கல், அதனால் திண்டுக்கல் என்று பேருக்குக் காரணம் சொல்வார்கள். திண்டு என்பது சாய்ந்துகொள்வதற்கு. போக்கிடம் இல்லாமல் வந்த ஒரு பெண் இந்தச் சீமையில் எட்டு வருஷம் சாய்ந்திருந்தார். எழுந்தபோது ராணியாக எழுந்தார்.

உங்கள் தெருவில் புதுசாக யாராவது குடி வந்திருக்கிறார்களா? சாமான் இறக்கி முடித்ததும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். பேரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.