அந்தமான் பெருஞ்சாலையும் லாரியின் தாகமும்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை, ஏறத்தாழ 330 கிலோமீட்டர் நீண்டு செல்வது அந்தமான் பெருஞ்சாலை. வழியில் ஜிர்கத்தாங் என்னுமிடத்தில் வண்டிகள் ஒன்றாய்த் திரண்டு, குறித்த வேளையில் காவலுடன் புறப்படுகின்றன. அதற்கு அப்பாலுள்ள காடு ஜாரவா மக்களின் காப்பிடம். அங்கே வண்டியை நிறுத்தலாகாது என்பது விதி. வெளியுலக நோய்களுக்குப் பழகாத அம்மக்களை 1999-இல் தட்டம்மை தாக்கியதை எண்ணினால் அவ்விதியின் காரணம் விளங்கும். ஆகவே, அங்கே ஒரு பழைய லாரி கொதித்து நின்றுவிடுவது ஓட்டுநரின் தொல்லை மட்டுமன்று.

இத்தீவுகளில் 1883-இல் சாத்தம் மர அறுவை ஆலை தோன்றிய காலத்தில் மரம் இழுத்தவை யானைகள். யானைக்கு நண்பகலில் ஓய்வும் நீராட்டும் வேண்டும். பின்னர் வந்த லாரிக்கும் தேவை அதுவேயாம். எரிபொருள் தரும் வெப்பத்தில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை குளிர்விக்கும் நீரே ஏற்று வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாடு ஒரே நாளில் அமைந்ததன்று. அதன் ஒவ்வோர் உறுப்பும் முன்னிருந்த ஒரு குறையைத் தீர்க்க வந்தது. அவ்வரலாற்றை வரிசையாய் நினைவுகூர்ந்தால், கோளாற்றைத் தேடும் வழியும் நமக்குப் புலப்படும்.

கார்ல் பென்ஸ் 1886-இல் செய்த வண்டியில் நீர் கொதித்து ஆவியாய்ப் போயிற்று. 1888-இல் அவர் துணைவியார் பெர்த்தா அதை நெடுந்தூரம் ஓட்டிச் சென்றபோது வழிநெடுக நீர் ஊற்ற நேர்ந்தது. எனவே முதற்கேள்வி, நீர் இருக்கிறதா என்பதே. குறைந்திருந்தால் கசிவு எங்கே என்று தேட வேண்டும். ஹோஸ் குழாயின் வெடிப்பும் பட்டைகளின் தளர்வும் அடிக்கடி காண்பவை.

வில்ஹெல்ம் மேபாக் 1900-1901-இல் மெர்சிடிஸ் வண்டிக்கு அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அவற்றின் வழியே காற்றை ஈர்க்க விசிறியும் வைத்தார். எனவே இரண்டாம் கேள்வி, காற்றுக்கு வழி உண்டா என்பது. சேறும் சருகும் பூச்சிகளும் சிறகுகளை அடைத்திருக்கலாம். உள்ளே உப்புப் படிவும் சேர்ந்திருக்கலாம்.

1908-இல் வந்த போர்டு டி மாடல் வண்டிகளில் பெரும்பாலானவை பம்பின்றி, சூடான நீர் மேலெழும் இயல்பைக் கொண்டே சுழற்சியை நடத்தின. பாரம் பெருகவே அது போதவில்லை. பம்பும் அதைச் சுழற்றும் பெல்ட்டும் தேவைப்பட்டன. பெல்ட் தளர்ந்தால் விசிறியும் பம்பும் சேர்ந்தே சோர்கின்றன. மெதுவாய்ச் செல்கையில் மட்டும் சூடேறினால் விசிறியை ஐயுறுக. பாரத்தோடு ஏறுகையிலும் விரைந்து செல்கையிலும் சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டரையும் பம்பையும் ஐயுறுக.

இயந்திரம் சூடேறும் வரை நீரைத் தடுத்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் பின்னர் வந்தது. எஞ்சின் கொதிக்கையில் மேல் ஹோஸ் குளிர்ந்திருந்தால் அது மூடியபடி சிக்கியிருக்கக் கூடும். கழற்றி, வெந்நீரில் இட்டால் திறக்கிறதா எனத் தெரியும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவோர் உண்டு. அது தீர்வன்று, புதிய குறைக்கே வித்து. அடுத்து வந்தது அழுத்த மூடி. சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் கூடினால் நீர் 100 டிகிரியில் அன்றி ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் பழுதானால் அந்தப் பயன் போய்விடும். இவையெல்லாம் சரியாயிருந்தும் நீரில் ஓயாது குமிழி எழுந்தால், ஹெட் காஸ்கெட் பழுதென ஐயுற்று மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே முறை.

1948-இல் தோன்றி, எண்ணூரில் ஆலை அமைத்து, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டிகளும், 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் வெளிவந்த டாடா-மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகளும் இவ்வுறுப்புகளோடே நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்தன. நாமக்கல் பக்கத்திலிருந்து லாரித் தொழிலோடு வேற்று மாநிலம் சென்ற நேயர்கள் இதை நன்கறிவர். ஆனால் அந்தமானில் உதிரி உறுப்பு வர ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்ட வேண்டும். அங்கே முன்கூட்டிப் பார்த்துக்கொள்வதே பெருஞ்செல்வம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையின் நீர், கடலோரக் கிணற்று உப்புநீரைவிட ரேடியேட்டருக்கு ஏற்றது. துருவைத் தடுக்கும் கூலண்ட் கலந்தால் இன்னும் நன்று.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும், சூடான எஞ்சினில் தண்ணீர் வார்ப்பதும் கூடா. முன்னது கையைச் சுடும். பின்னது எஞ்சினைப் பிளக்கும். ஜிர்கத்தாங்கில் வரிசை புறப்படுமுன் செலவிடும் கால் மணி நேரம், அக்காட்டின் மக்களையும் காக்கும். நாம் நம்பியிருக்கும் வண்டியையும் காக்கும்.