கிரிவலம் முடிச்ச கையோடு கார் ஓட்டலாமா? திருவண்ணாமலை குளிர்கால சாலைப் பயணத்தில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

பௌர்ணமி முடிந்த விடிகாலை மூன்று மணிக்கு ரமணாசிரமம் பகுதியில் போய் நின்று பாருங்க. டீக்கடைகளில் கூட்டம் குறைந்திருக்காது. செங்கம் சாலையில் கார்களும் வேன்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருக்கும். பின் சீட்டில் எல்லோரும் அசந்து தூங்குவார்கள். ஸ்டீயரிங் பிடித்திருப்பவரும் அதே 14 கிலோமீட்டரை வெறும் காலில் நடந்து முடித்தவர்தான். அவர் இனி சென்னைக்கோ பெங்களூருக்கோ 200 கிலோமீட்டர் போக வேண்டும்.

கார்த்திகை தீபத்தில் தொடங்கி தைப்பூசம் வரை திருவண்ணாமலைக்கு வாகனங்கள் குவியும் காலம். மார்கழியில் ரமணர் ஜெயந்தியும் வருவதால் ஆசிரமம் பகுதியில் வெளியூர், வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் தனி. மழை, பனி, குளிர், தூக்கம் எல்லாமே இந்த மாதங்களில் சேர்ந்து வரும். போகும்போது எல்லோரும் உஷாராகத்தான் இருப்பார்கள். சிக்கல் பெரும்பாலும் திரும்பும் வழியில் காத்திருக்கிறது.

தூக்கக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்க

காலை 6 மணிக்கு எழுகிறீர்கள். மதியம் கிளம்பி மாலை திருவண்ணாமலை. இரவு 9 மணிக்கு நடக்கத் தொடங்கி, கூட்டத்தில் மெதுவாக நகர்ந்து முடிக்கும்போது மணி 2. ஒரு டீ குடித்துவிட்டு 3 மணிக்கு காரை எடுத்தால், நீங்கள் தொடர்ந்து 21 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள்.

இதன் அர்த்தம் என்ன? 1997இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று காட்டியது. 24 மணி நேரம் என்றால் 100 மில்லிகிராம். நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். அதாவது சொட்டு மது குடிக்காமலேயே எல்லையைத் தாண்டிய நிலையில் ஓட்டுகிறீர்கள். ஊதிப் பார்த்தால் கருவியில் ஒன்றும் காட்டாது என்பதுதான் வித்தியாசம்.

இரவு 2 முதல் காலை 6 வரை உடலே தூக்கத்தைக் கேட்கும் நேரம். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி அணைந்துபோகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. நான்கு நொடி கண் செருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரத்தை யாருமே ஓட்டவில்லை.

ஜன்னலைத் திறந்து குளிர்காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, பாக்கு மெல்லுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். பலன் தருவது தூக்கம் மட்டுமே. காபி உதவும், ஆனால் அது வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால் காபி குடித்த உடனே வண்டியை எடுக்காமல், குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடுங்க. எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். இதுவும் அரை மணி, ஒரு மணி நேரப் பயணத்துக்குத்தான் தாங்கும்.

நல்ல வழி, கிரிவலம் நடக்காத ஒருவர் அறையில் தூங்கி எழுந்து ஓட்டுவது. அல்லது எல்லோரும் காலை வரை படுத்துவிட்டு 7, 8 மணிக்குக் கிளம்புவது. வாடகை டிரைவர் என்றால் அவருக்கும் படுக்க இடம் ஏற்பாடு செய்யுங்க. பத்துப் பேருக்கு அறை போட்டுவிட்டு டிரைவரை மட்டும் வண்டியிலேயே கொசுக்கடியில் விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. மறுநாள் அந்தப் பத்து உயிரும் அவர் கையில்தான்.

அறைக்கு முன்பதிவு அவசியம். ரமணாசிரமத்தில் தங்கவும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பௌர்ணமி அன்று மாலை வந்து கேட்டால் எங்கேயும் கிடைப்பது கஷ்டம்.

காருக்குள் தூங்கலாமா?

தூங்கலாம், இன்ஜினை அணைத்துவிட்டு. கண்ணாடியை எல்லாம் ஏற்றி, ஏசியோ ஹீட்டரோ போட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது ஆபத்து. புகைக்குழாயில் ஓட்டையோ அடைப்போ இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, குமட்டல் வந்து எழுவதற்குள் நினைவு போய்விடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, ஆளுக்கொரு போர்வை. இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோதான் இறங்கும். போர்வை போதும். சாலையோரத்தில் இருட்டான இடத்தில் நிறுத்த வேண்டாம். விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க் நல்லது.

எந்தச் சாலையில் என்ன சிக்கல்?

சென்னையிலிருந்து வருபவர்கள் திண்டிவனம் வரை நான்குவழிச் சாலையில் வருகிறார்கள். அங்கிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை வந்து, செங்கம், ஊத்தங்கரை தாண்டி கிருஷ்ணகிரி போவது தேசிய நெடுஞ்சாலை 77. பெங்களூருக்காரர்கள் இதே சாலையில் எதிர்ப்பக்கமிருந்து வருகிறார்கள். இதில் பெரும்பாலான இடங்களில் நடுவே தடுப்புச்சுவர் கிடையாது. எதிரே வரும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக்கோடுதான்.

2023 அக்டோபரில் செங்கம் அருகே பத்து நாட்களுக்குள் இரண்டு கோர விபத்துகள் நடந்தன. ஒன்றில் காரும் லாரியும், மற்றொன்றில் காரும் அரசுப் பேருந்தும் நேருக்கு நேர் மோதின. இரண்டிலும் தலா 7 பேர் இறந்தார்கள். நான்குவழிச் சாலையின் வேகத்தை அப்படியே இந்தச் சாலைக்கும் கொண்டுவரக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஓவர்டேக் செய்யும் ஆசையைத் திண்டிவனத்திலும் கிருஷ்ணகிரியிலும் இறக்கி வைத்துவிட்டு வாங்க.

இது கரும்பு வெட்டும் பருவமும்கூட. பின்பக்க விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ இல்லாமல் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இருட்டில் போகும். பக்கத்தில் வரும்வரை தெரியாது. ஐயப்ப பக்தர்கள் வேன்கள், சாலையோரம் நடக்கும் பாதயாத்திரை பக்தர்கள் என இந்தச் சில மாதங்களில் சாலையே வேறு மாதிரி இருக்கும்.

பனிமூட்டம் வந்தால்?

மார்கழியில் விடிகாலை 4 மணியிலிருந்து 8 மணி வரை வயல்வெளிகள், ஏரிக்கரைகள் பக்கம் பனி இறங்கும். உடனே பலரும் ஹை பீம் போடுவார்கள். அது தவறு. வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைத் திரை மாதிரி தெரியும். லோ பீம், ஃபாக் லைட் இருந்தால் அது, இடப்பக்கக் கோட்டைப் பார்த்தபடி மெதுவான ஓட்டம். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டினால் வண்டி நிற்கிறதா, திரும்புகிறதா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. அது நிறுத்தும்போது போட வேண்டிய விளக்கு.

கண்ணாடியில் ஆவி படிவதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. உள்பக்கம் படிந்தால் ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைக்க வேண்டும். உள்காற்றையே சுற்றவிட்டால், ஏழு பேர் மூச்சும் கண்ணாடியில்தான் படியும். ஆனால் நம்மூர் ஈரக்காற்றில் சில நேரம் வெளிப்பக்கம் ஆவி படியும். ஏசி கண்ணாடியை அதிகம் குளிர வைப்பதால் வருவது இது. அப்போது வைப்பரை ஒருமுறை ஓட்டி, ஏசி குளிரைக் குறைத்தால் சரியாகிவிடும். துணியால் உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது!

மழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப் போடலாம்

வடதமிழகத்தில் குளிர்காலத்தின் முதல் பாதி மழைக்காலம்தான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்த நாள் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டன. பெங்களூரு பக்தர்கள் வழக்கமாகக் கடந்து போகும் ஊர் அது. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் வெளியேற்றப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 13 தீபத்தன்று மலையேற பக்தர்களுக்கு அனுமதி கிடையாது.

ஒரு அடி வேகமான தண்ணீர் சிறிய காரைத் தள்ளிவிடும். இரண்டு அடி என்றால் பெரிய எஸ்யூவியும் மிதக்கும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் முன்னால் போன பஸ்ஸைப் பார்த்து இறங்காதீங்க. பஸ்ஸின் எடை உங்கள் காருக்கு இல்லை. டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்க. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் ஊரிலேயே பார்க்கணும்.

காலும் தண்ணீரும்

தீபம், பௌர்ணமி நாட்களில் ஊர் எல்லையிலேயே வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்தும் நடைதான். மூட்டை குறைவாக இருக்கட்டும். ஆளுக்கொரு ஜோடி சாக்ஸ், மாற்றுடை, துண்டு, வயதானவர்களுக்குக் கம்பளிக் குல்லா காரிலேயே இருக்கட்டும். நடந்து முடித்ததும் காலைக் கழுவி, துடைத்து, சாக்ஸ் போட்டு அரை மணி நேரம் நீட்டி உட்காருங்க. கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட நிலையில் பிரேக் மிதிப்பது எளிதல்ல.

சர்க்கரை நோயாளிகள் இதைத் தவறவிடக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியதே தெரியாது. காரில் ஏறும் முன் செல்போன் வெளிச்சத்தில் உள்ளங்காலை, விரலிடுக்கை யாராவது பார்க்கட்டும். மருத்துவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அவர் சொல்வதைக் கேளுங்க. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை டிக்கியில் போடாமல் கைப்பையில் வைக்கணும். அதிகாலைக் குளிரில்தான் மூச்சு இழுக்கும்.

குளிரில் தாகம் தெரியாது. பெண்கள் பலர் வழியில் நல்ல கழிப்பறை இருக்காது என்று பயந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். சுத்தமான பங்க், ஹோட்டல் எங்கே என்று போகும்போதே பார்த்து வைத்து, திரும்பும்போது அங்கே நிறுத்தச் சொல்லுங்க. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது ஓட்டுபவருக்கும் நல்லது, கால் வீங்கும் பாட்டிக்கும் நல்லது.

பைக்கில் வரும் இளைஞர்களுக்கு ஒரே வார்த்தை: இரவில் திரும்ப வேண்டாம். எதிர்காற்றில் கை விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க ஒரு நொடி தாமதம் ஆகும்.

போன் பேட்டரியும் கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். 1896இல் மதுரையிலிருந்து கிளம்பிய 16 வயது வெங்கட்ராமன், அதாவது பின்னாளின் ரமணர், வழியில் காசு தீர்ந்து, கடுக்கனை அடகு வைத்துத்தான் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். நெட்வொர்க் இல்லாத இடத்தில் ஜிபே மட்டும் வைத்திருப்பவர் நிலையும் கிட்டத்தட்ட அதுதான்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது?

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டாலோ விபத்து என்றாலோ 1033. ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112. வெள்ளம், மண்சரிவு பற்றி மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருக்காமல், சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்க. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்க.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும், கர்நாடகாக்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரைப் போலீஸ் விசாரணை என்று அலையவிடக் கூடாது என 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. பெயரைச் சொல்லவும் கட்டாயப்படுத்த முடியாது.

ஓட்ட ஆள் இல்லை என்றால் காரை வீட்டிலேயே விட்டுவிடலாம். சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்துகள் உண்டு, தீபம், பௌர்ணமி நாட்களில் சிறப்புப் பேருந்துகளும் விடப்படுகின்றன. வேலூர் வரை ஓடிக்கொண்டிருந்த சென்னை கடற்கரை மின்சார ரயில் 2024 மே முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. திரும்பும் ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்தால் சென்னை வரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வரலாம்.