உட்கோளவகம் கண்ட வரலாறு

புவியின் மையம் நம் காலடியிலிருந்து ஏறத்தாழ 6,370 கிலோமீற்றர் ஆழத்திலுள்ளது. மனிதன் துளைத்த மிக ஆழமான துளையோ 12 கிலோமீற்றரைச் சற்றே தாண்டியது. ஆதலின், புவியகத்தைப் பற்றிய நமது அறிவு பெரும்பாலும் புவிநடுக்க அலைகளின் பதிவுகளிலிருந்து பெறப்பட்டதேயாகும்.

1906இல் ஓல்டாம் என்பார் புவிக்குள் கோளவகம் உண்டெனக் காட்டினார். அதன் எல்லை 2,900 கிலோமீற்றர் ஆழத்திலுள்ளதெனக் கூட்டன்பேர்க் கணித்தார். 1926இல் ஜெப்ரீஸ் அது திரவநிலையினதென வாதித்தார். இத்திரவத்தில் அலைகள் முறிவடைவதால், நடுக்கமையத்திலிருந்து ஏறக்குறைய 104 பாகை முதல் 142 பாகை வரையான பகுதி ‘நிழல் வலயம்’ ஆகின்றது. அங்கு முதலலைகள் சேரலாகாது. எனினும், மெலிந்த சில துடிப்புகள் அங்கும் பதிவாயின. அவை கோளவக விளிம்பில் வளைந்து வந்தவையென அறிஞர் அமைதி கண்டனர்.

அவ்விளக்கத்தில் நிறைவுறாதவர் டென்மார்க்கின் இங்கெ லேமன் அம்மையார். 1888இற் பிறந்த அவரது கேம்பிரிட்ஜ் கல்வி உடற்சோர்வினால் இடையில் முறிந்தது. காப்புறுதி அலுவலகமொன்றிற் பணிபுரிந்த பின்னர், 1920இற் கணிதப் பட்டம் பெற்றார். 1925இல் உதவியாளராகச் சேர்ந்து, பதிகருவிகளை நிறுவியவாறே இத்துறையைப் பயின்று, 1928இல், தம் 40ஆவது வயதில், புவியளவையியலில் உயர்பட்டம் பெற்றார்.

1929 ஜூனில் நியூசிலாந்தின் மேர்ச்சிசனில் நிகழ்ந்த நடுக்கத்தை, சோவியத் நாட்டின் சுவெர்த்லோவ்ஸ்க், இர்க்குட்ஸ்க் நிலையங்கள் பதிவுசெய்தன. அப்பதிவுகளிலே துடிப்புகள் தெளிவாயிருந்தன. விளிம்பில் வளைந்தவை அத்துணை வலிமையுடன் வரவியலாது. கணினியற்ற அக்காலத்தில், அலைகளின் வருகை நேரங்களை அட்டைகளிற் குறித்து, ஓட்ஸ் தானியப் பெட்டிகளில் அவர் அடுக்கி வைத்திருந்ததை உறவினரொருவர் நினைவுகூர்ந்துள்ளார். கோளவகத்தினுள், அலைகள் விரைந்து செல்லும் சிறிய கோளமொன்று இருப்பின், அதிற் பட்ட அலைகள் நிழல் வலயத்தை அடையும். இவ்வெளிய கருதுகோளும் பதிவான நேரங்களும் ஒத்துவந்தன.

1936இல் வெளிவந்த அவரது கட்டுரை, ஓரெழுத்தையும் ஒரு குறியையும் மட்டுமே தலைப்பாகக் கொண்டது. தமது முடிவே சரியென அவர் அதிற் சாதிக்கவில்லை. சான்றுகள் போதாவென ஒப்புக்கொண்டு, அவற்றுக்கு அது முரணன்று என்றே கூறினார். 1940இற் பேர்ச் அக்கோளம் திண்ம இரும்பென்றார். 1971இல் முழுப்புவியின் அதிர்வுகளை ஆராய்ந்த ஆய்வு அதன் திண்மத்தன்மையை உறுதிசெய்தது. அதன் ஆரை ஏறத்தாழ 1,220 கிலோமீற்றர் என்பது இன்றைய கணிப்பு. 104 ஆண்டுகள் வாழ்ந்த அம்மையார் 1993இல் மறைந்தார்.

நிழல் வலயத்துத் துடிப்புகளைப் பிறரும் கண்டிருந்தனர். ஏற்கப்பட்ட கொள்கைக்குள் அவற்றை அடக்கிவிடாது, கொள்கையையே மீளச் சோதித்தமையே லேமனின் சாதனை. ஆய்வேட்டில் ‘பொருந்தாத தரவு’ என ஒதுக்க முனையும் மாணவர் இவ்வரலாற்றை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.