ஓமத்தண்ணியும் கொக்கிப்புழுவும்: ஒரு வயித்துவலியின் வரலாறு

எங்கள் லயங்களில் வயித்துவலிக்கு முதல் மருந்து அடுப்படியில்தான் இருக்கும். அம்மாயி ஒரு கை ஓமத்தை வெறும் சட்டியில் வறுத்து, வாசம் கிளம்பினதும் தண்ணி ஊத்தி, பாதியாக வத்தவிட்டுக் கொடுப்பார். குடிச்சிட்டுக் குப்புறப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் முறுக்கு விடும். விடிஞ்சா பெரட்டுக்குப் போயாகணுமே, விட்டுத்தான் ஆகணும். ஹட்டன் டவுனுக்கு இறங்கினால் அதே ஓமம் 'அசமோதகம் ஸ்பிரிட்' என்ற பேரில் சின்னப் போத்தலில் கிடைக்கும்.

இது உண்மையிலேயே வேலை செய்யுதா, இல்லை வெறும் நம்பிக்கையா என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு சண்டை வந்தது. அதைத் தேடப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

முதலில் குடலைப் பார்ப்போம். குடல் சுவரில் இருக்கும் தசை நம் விருப்பப்படி அசைவதில்லை. அது தானாகச் சுருங்கி விரிந்து சாப்பாட்டை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால் சுருக்கம், வெளியேறினால் தளர்ச்சி. சுருங்கின தசை சரியாகத் தளராமல் இறுகிப் பிடிக்கும்போதுதான் நாம் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சுருண்டு படுக்கிறோம்.

இதை உடம்புக்கு வெளியே வைத்துப் பார்க்க வழி காட்டியவர் ருடால்ஃப் மாக்னுஸ் என்ற ஜெர்மானியர். வருஷம் 1904. விலங்கின் குடலில் ஒரு சிறு துண்டை வெட்டி, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த வெதுவெதுப்பான கரைசலில் தொங்கவிட்டு, ஆக்ஸிஜன் குமிழிகளைச் செலுத்தினால், அந்தத் துண்டு மணிக்கணக்கில் உயிரோடு துடிக்கும். ஒரு நுனியை அடியில் கட்டி, மறுநுனியை நூலால் ஒரு நெம்புகோலில் இணைத்தால், அது சுழலும் உருளையில் சுற்றிய புகைபடிந்த காகிதத்தில் ஒவ்வொரு சுருக்கத்தையும் கோடாகக் கீறும். பிறகு மூலிகைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கோட்டின் அலை சிறுத்தால் தசை தளர்கிறது என்று அர்த்தம். இப்போது உருளைக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அடிப்படை முறை மாறவில்லை.

ஓமம் இந்தத் தொட்டிக்குள் இறங்கியது கராச்சியில். ஆகா கான் பல்கலைக்கழகத்தில் அன்வருல் ஹசன் கிலானியின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், முயலின் சிறுகுடல் துண்டை முதலில் பொட்டாசியம் சேர்த்து இறுகவைத்தார்கள். அப்புறம் ஓமச் சாறு. மில்லிலீட்டருக்கு 0.1 முதல் 3 மில்லிகிராம் அளவில் இறுக்கம் தளர்ந்தது. கால்சியம் உள்ளே போகும் வாசலை ஓமம் அடைக்கிறது, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வெரபமில் மாத்திரை செய்வது போலவே. ஆக, அம்மாயி கட்சிக்கு ஒரு புள்ளி. முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். அவர்கள் எடுத்தது தண்ணியும் மெத்தனோலும் கலந்து இறக்கிய சாறு, சட்டியில் வத்தவிட்ட கஷாயம் இல்லை. குடலும் முயலின் குடல்.

ஆனால் எங்களை உறுத்தியது வேறு. இந்தக் கேள்வியைக் கேட்க ஏன் இவ்வளவு காலம் ஆனது? மலையகத்தில் செடிகளைச் சோதிப்பதற்குப் பஞ்சமே இருந்ததில்லையே. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கல தோட்டம் இருக்கிறதே, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பூப் பார்க்கப் போவோமே, அது 1861இல் தொடங்கப்பட்டது சிங்கோனாவுக்காக. மலேரியாவுக்கான குயினைன் தரும் மரம் அது. கோப்பியை இலைநோய் அழித்தபோது தோட்டத்துரைமார் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். 1886இல் மட்டும் சுமார் 1.5 கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. பட்டையில் எவ்வளவு குயினைன் இருக்கு என்று இரசாயனவாதிகள் அளந்துதான் விலை வைத்தார்கள். சந்தை நிரம்பி விலை விழுந்ததும் மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். பட்டை உரித்த கைகள் எங்கள் ஆட்களுடையவை. அந்தக் கைகளுக்குத் தெரிந்த மருந்துகளில் யாருக்கும் அப்போது வியாபாரம் தெரியவில்லை.

ஓமத்துக்கும் ஒரு பெரிய வியாபாரம் இருக்கத்தான் செய்தது, ஆனால் வயித்துவலிக்காக அல்ல. ஓம எண்ணெயில் பெரும்பங்கு தைமோல் என்ற பொருள். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்ட் சுரங்கப்பாதை போட்ட இத்தாலியத் தொழிலாளர்கள் 1880 வாக்கில் கூட்டம் கூட்டமாகச் சோகையில் விழுந்தார்கள். காரணம் கொக்கிப்புழு. அதைக் கொல்ல இத்தாலிய மருத்துவர்கள் கண்டுபிடித்த மருந்து தைமோல். இந்தியாவில் விளைந்த ஓமம் ஜெர்மனிக்குப் போய், தைமோலாகி, புட்டியில் அடைபட்டு உலகம் முழுக்கத் திரும்பியது. 1914இல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டு விலை எகிறியது.

இந்த நேரத்தில்தான் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களுக்குள் வருகிறது. 1916, மாத்தளைப் பகுதி. கொக்கிப்புழு வளர வெதுவெதுப்பான ஈரமண் வேண்டும், நுவரெலியாக் குளிர் அதற்கு ஒத்துவராது. மாத்தளைத் தோட்டங்கள் தாழ்ந்தவை, சூடானவை. மலம் கலந்த மண்ணிலிருந்து புழுக்குஞ்சு வெறுங்காலைத் துளைத்து ஏறும், குடலில் கொக்கி போட்டு இரத்தம் குடிக்கும். எங்கள் முப்பாட்டிமார் செருப்பா போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்கள்?

தைமோலின் இடத்தைச் செனோபோடியம் எண்ணெய் பிடித்துக்கொண்டது. அதுவும் செடிச்சாறுதான். மருந்து கொடுத்து, பேதி உப்பு கொடுத்து, ஆளையே புரட்டி எடுத்துவிடும். தலைசுற்றும், காது அடைக்கும், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்குப் பேரும் விழாது. சோமா ஹேவா 1995இல் இந்த இயக்கம் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வேலைநாள் போகுதே என்று தோட்டத்துரைமார் முணுமுணுத்தார்கள். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கக்கூஸ் கட்ட வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னபோது முணுமுணுப்பு இன்னும் பலமானது. கக்கூஸ் இல்லாத தோட்டத்தில் புழு போன ஆளுக்குச் சில மாதத்தில் திரும்பவும் புழு. பிற்பாடு இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மண்டபம் முகாமிலேயே புழுமருந்து கொடுத்தார்கள். நோயைக் கரையிலேயே பிடிப்பது தோட்டத்தில் குழி தோண்டுவதைவிட மலிவு என்று நினைத்தார்கள் போல.

இப்போது எங்கள் சண்டைக்குத் திரும்புவோம். கொக்கிப்புழு உள்ளவருக்கு மேல்வயிற்றில் வலி வரும். அவர் ஓமத்தண்ணி குடித்திருப்பார். முறுக்கு கொஞ்சம் தளர்ந்திருக்கும், கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போயிருப்பார். புழு அங்கேயேதான் இருந்திருக்கும், கஷாயத்தில் இருந்த துளித் தைமோல் அதைக் கொல்லப் போதாது. கராச்சித் தொட்டி தசையைப் பற்றிக் கேட்டது, ராக்பெல்லர்காரர்கள் புழுவைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டிலும் ஓமம் ஏதோ ஒரு வகையில் தேறிவிட்டது. லயத்துக்குப் பின்னால் ஏன் கக்கூஸ் இல்லை என்ற கேள்விக்கு எந்தச் சாற்றிலும் பதில் இல்லை.

அதனால் ஓமத்தை விடச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு பொருமினால் நாங்களும் குடிக்கிறோம். ஆனால் வலியோடு காய்ச்சல் வந்தால், மலத்தில் இரத்தம் போனால், வலி வலதுபக்க அடிவயிற்றில் போய் நின்றால், ஓமத்தண்ணி போட்டுக் காத்திருக்க வேண்டாம். குடல்வால் வீங்கியிருக்கும்போது வலியை அடக்கி வைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம்தான் தள்ளிப்போகும்.

இந்தக் கதையை எங்களில் ஒருவரின் அம்மாயிக்கு வாசித்துக் காட்டினோம். முயல் குடல் சமாசாரத்தைக் கேட்டுச் சிரித்தார். தைமோலைப் பற்றிக் கேட்டதும், சின்ன வயசில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வரிசையாக நிற்கவைத்துப் பூச்சிமருந்து ஊத்தினது ஞாபகம் வந்துவிட்டது. "அன்னிக்குப் பூராம் ஓடை ஓடையாப் போனோம், வேற எங்க போறது?" என்றார்.