பரிசோதனையில் சிக்காத வயிற்றுப்போக்கு: மைக்ரோஸ்போரிடியா

வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. உடல் எடை குறைந்துகொண்டே போகிறது. மலப் பரிசோதனை முடிவோ 'ஒன்றுமில்லை' என்று வருகிறது. நம் வீட்டில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கோ, எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்கோ இப்படி நேர்ந்தால், அந்த 'ஒன்றுமில்லை'யோடு நாம் நின்றுவிடக் கூடாது. மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணியும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவான இந்த நுண்ணுயிரியைப் பட்டு வளர்ப்பவர்கள் முன்பே அறிவார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பட்டுப்புழுக்களை அழித்த, லூயி பாஸ்டர் ஆராய்ந்த பெப்ரைன் நோய் இந்த வகையால் வருவதுதான். மனிதக் குடலைத் தாக்கும் முக்கிய இனமான என்டிரோசைட்டோசூன் பியனியூசி, 1985இல் எய்ட்ஸ் நோயாளி ஒருவரிடம் கண்டறியப்பட்டது.

இதன் வித்து ஏறத்தாழ ஒரு பாக்டீரியா அளவுதான். அதற்குள் சுருண்டிருக்கும் குழல் ஒன்று குடலுக்குள் வந்ததும் வெளியே பாய்ந்து, ஊசி போடுவதுபோல் உயிரணுவைத் துளைத்து, கிருமியை உள்ளே செலுத்துகிறது. ஆரோக்கியமானவருக்கு இது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். எச்.ஐ.வி. உள்ளவரின் சிடி4 எண்ணிக்கை 100க்குக் கீழே போனால் மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

வழக்கமான மலப் பரிசோதனையில் இது எளிதில் தென்படாது. டிரைகுரோம் என்ற தனிச் சாயமோ பி.சி.ஆர். சோதனையோ வேண்டும். டாக்டர் சந்தேகப்பட்டால்தான் அவற்றை எழுதித் தருவார். நோயாளியின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பது தெரிந்தால்தானே அவர் சந்தேகப்படுவார்? நம் சமூகத்தில் எச்.ஐ.வி. என்ற சொல்லை டாக்டரிடம்கூட மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த மறைப்பு நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகும். யார் மூலம் வந்தது என்று துருவுவதும் நம் வேலையல்ல.

என்செஃபாலிட்டோசூன் என்ற இனத்துக்கு அல்பெண்டசோல் நன்கு வேலை செய்கிறது. பியனியூசிக்கு அதனால் பெரிய பலன் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஏ.ஆர்.டி. மருந்தால் எதிர்ப்புச் சக்தி மீளும்போது, இன்ஷா அல்லாஹ், தொற்றும் அடங்கும். உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தின் அளவை டாக்டர் குறைக்கலாம். நாமாகக் குறைத்தால், பொருத்திய சிறுநீரகத்தை உடலே நிராகரித்துவிடும் ஆபத்து உண்டு.

ரமலானில் இத்தகைய வயிற்றுப்போக்கோடு நோன்பைத் தொடர வேண்டாம். உடலின் நீர் வற்றிவிடும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இதற்காகத்தான்.

இவர்கள் கொதித்து ஆறிய நீரையே குடிக்கட்டும். பச்சைக் காய்கறியைத் தவிர்க்கட்டும். பலர் வாய் கொப்பளிக்கும் ஹவுளில் உளூச் செய்வதைவிட, வீட்டிலேயே சுத்தமான நீரில் செய்துவிட்டுப் பள்ளிக்குப் போவது நல்லது என்பது நமது கருத்து.

இந்த வகைக் கிருமிகள் கண்ணையும் தாக்கும். தென்னிந்தியாவில் மழைக்காலத்தில் ஆரோக்கியமானவர்களுக்கே வருகிறது. மழைநீரோ சேற்றுநீரோ தெறித்தபின் கண் சிவந்து உறுத்தினால், சொட்டு மருந்தை நாமே வாங்கி ஊற்றாமல் கண் டாக்டரிடம் போக வேண்டும்.